மாடி வீட்டுக்கு தனி டிபி போடுறீங்களா? ஜங்ஷன் பாக்ஸ், பைப், டிரங்கிங் அளவை எப்படி கணக்கிடுவது?

கீழ் வீட்டுக்கு மேலே இரண்டு ரூம் எடுக்கிறோம். மாடிக்குத் தனியாக ஒரு டிபி பாக்ஸ் வைத்து, கீழே இருக்கும் மெயின் போர்டில் இருந்து லைன் கொடுக்கச் சொல்கிறோம். எலக்ட்ரீஷியன் வயர் பட்டியல் எழுதித் தருகிறார். எந்த கம்பெனி வயர், எத்தனை காயில், என்ன விலை என்று நாலு கடையில் விசாரிக்கிறோம். ஆனால் அந்த வயர் எல்லாம் போய்ச் சேரும் ஜங்ஷன் பாக்ஸ் என்ன அளவு, பைப் என்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை. "கடையில எது இருக்கோ அதை வாங்கிட்டு வாங்க" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வயர் சரியில்லை என்றால் பிறகு உருவி மாற்றலாம். தளத்துக்குள் கான்கிரீட்டில் புதைந்துபோன பாக்ஸையும் பைப்பையும் பெரிதாக்க முடியாது. அதனால் பாக்ஸ் அளவை வயர் இழுக்கும் நாளில் யோசித்தால் லேட். தளத்துக்குக் கம்பி கட்டும் நாளிலேயே முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

எந்த பாக்ஸ், எந்த பைப், எந்த டிரங்கிங் என்பதை ஒரு பேப்பர், ஒரு பேனா வைத்து எப்படிக் கணக்கிடுவது? எளிமையாகப் பார்க்கலாம்.

பாக்ஸ் சின்னதா இருந்தா என்ன ஆகும்?

வயரில் கரண்ட் ஓடினால் சூடு வரும். அந்தச் சூடு வெளியேறக் காலி இடம் வேண்டும். வீட்டு வயரிங்கில் வழக்கமாகப் போடும் பிவிசி வயரின் மேலுறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். அதைத் தாண்டிச் சூடு ஏறிக்கொண்டே இருந்தால் உறை இறுகி, வெடித்து, உதிர ஆரம்பிக்கும்.

ஜாயிண்ட் இருக்கும் பாக்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடமில்லாத பாக்ஸில் வயர்களைத் திணித்து, கட்டை விரலால் அமுக்கி மூடியைப் போடும்போது ஜாயிண்ட் இழுபட்டு லூஸ் ஆகும். லூஸ் ஜாயிண்டில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே போதும். 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 40 வாட் சூடு உருவாகும் (20 × 20 × 0.1). ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, மூடிய டப்பாவுக்குள், சுவருக்குள் நம் கண்ணில் படாமல் இருக்கிறது.

இதில் எம்சிபி டிரிப் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஓடுவது அதே 20 ஆம்பியர்தான். எம்சிபிக்கு அது வழக்கமான லோடு மாதிரியே தெரியும். ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும்தான் எம்சிபிக்குத் தெரியும், லூஸ் ஜாயிண்ட் தெரியாது. அதனால்தான் பாக்ஸுக்குள் போதுமான இடம் விடுவது முக்கியம்.

முதல் படி: மாடிக்கு எவ்வளவு லோடு?

பாக்ஸ் அளவு வயரைப் பொறுத்தது. வயர் அளவு லோடைப் பொறுத்தது. அதனால் லோடில் இருந்து ஆரம்பிப்போம். ஒரு சாதாரண மாடி வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

• 1.5 டன் ஏசி இரண்டு: சுமார் 3,400 வாட்
• கீசர் ஒன்று: 2,000 வாட்
• வாஷிங் மெஷின்: 500 வாட்
• ஃப்ரிட்ஜ்: 200 வாட்
• மிக்ஸி போன்ற சமையலறைச் சாமான்: 500 வாட்
• லைட், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து: 900 வாட்

மொத்தம் 7,500 வாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லை. 70 சதவீதம் ஓடும் என்று வைத்தால் 5,250 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 23 ஆம்பியர். கொஞ்சம் கூட்டி 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு கீழ் போர்டில் 32 ஆம்பியர் எம்சிபி சரியாக இருக்கும்.

இப்போது வயர். பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் சுமார் 32, 33 ஆம்பியர் தாங்கும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது எல்லையிலேயே நிற்கிறது. பக்கத்தில் வேறு வயர் ஓடினாலோ, மொட்டை மாடி வெயிலில் பைப் காய்ந்தாலோ, அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அதனால் 10 ஸ்கொயர் எம்எம் போடுவது நிம்மதி. சுமார் 45 ஆம்பியர் வரை தாங்கும்.

வோல்டேஜ் இழப்பும் குறையும். 20 மீட்டர் தூரத்துக்கு 25 ஆம்பியர் போனால், 6 ஸ்கொயர் எம்எம் வயரில் சுமார் 3.7 வோல்ட் குறையும். 10 ஸ்கொயர் எம்எம்மில் 2.2 வோல்ட்தான் குறையும்.

ஒரு விஷயம். வீட்டு இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்த லோடு எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி லோடையும் சேர்த்தால் அதைத் தாண்டுகிறது என்றால், லோடு கூட்டிக் கேட்டு விண்ணப்பித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது படி: பைப் எந்த சைஸ்?

கீழ் போர்டில் இருந்து மாடி டிபிக்கு மூன்று வயர் போக வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஃபேஸ் வயர் 16 ஸ்கொயர் எம்எம் வரை இருந்தால் எர்த் வயரும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆக, மூன்றுமே 10 ஸ்கொயர் எம்எம்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். 10 ஸ்கொயர் எம்எம் என்பது உள்ளே இருக்கும் செம்பின் பரப்பு. மேலுறையோடு சேர்த்தால் வயர் இன்னும் தடிமனாக இருக்கும். பைப்புக்குள் இடம் பிடிப்பது இந்த மொத்தத் தடிமன்தான். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தோராயமான அளவு இது:

• 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்: வெளி விட்டம் 3 மி.மீ., பிடிக்கும் இடம் 7 சதுர மி.மீ.
• 2.5 ஸ்கொயர் எம்எம்: வெளி விட்டம் 3.6 மி.மீ., பிடிக்கும் இடம் 10.2 சதுர மி.மீ.
• 4 ஸ்கொயர் எம்எம்: வெளி விட்டம் 4.2 மி.மீ., பிடிக்கும் இடம் 13.9 சதுர மி.மீ.
• 6 ஸ்கொயர் எம்எம்: வெளி விட்டம் 4.8 மி.மீ., பிடிக்கும் இடம் 18 சதுர மி.மீ.
• 10 ஸ்கொயர் எம்எம்: வெளி விட்டம் 6.2 மி.மீ., பிடிக்கும் இடம் 30.2 சதுர மி.மீ.

கணக்கு எளிது. வெளி விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.785-ஆல் பெருக்கினால் பிடிக்கும் இடம் வந்துவிடும்.

பைப்பிலும் இதே கதை. 25 எம்எம் பைப் என்றால் அது வெளி விட்டம். உள்ளே சுமார் 21.5 மி.மீ.தான் இருக்கும். பைப்புக்குள் மூன்று வயரோ அதற்கு மேலோ போனால், உள் இடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் அளவு.

நம் உதாரணத்தில் மூன்று 10 ஸ்கொயர் எம்எம் வயரும் சேர்ந்து சுமார் 91 சதுர மி.மீ. இடம் பிடிக்கும்.

• 20 எம்எம் பைப்: உள்ளே சுமார் 227 சதுர மி.மீ. நிரம்புவது 40 சதவீதம். எல்லையைத் தொட்டுவிட்டது. இரண்டு பெண்ட் இருந்தால் வயர் இழுக்கவே திணறும்.
• 25 எம்எம் பைப்: உள்ளே சுமார் 363 சதுர மி.மீ. நிரம்புவது 25 சதவீதம். தாராளமாகப் போகும்.

"அப்போ 25 போதுமே" என்று தோன்றும். இன்றைக்குப் போதும். நாளைக்கு மாடிக்கு இன்னொரு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று வந்து த்ரீ ஃபேஸ் கொடுக்க வேண்டி வந்தால் மொத்தம் ஐந்து வயர் போக வேண்டும். ஐந்து வயர் 151 சதுர மி.மீ. பிடிக்கும். 25 எம்எம் பைப்பில் அது 42 சதவீதம், எல்லையைத் தாண்டிவிடும். 32 எம்எம் பைப்பில் (உள்ளே சுமார் 615 சதுர மி.மீ.) 25 சதவீதம்தான்.

மெயின் லைனுக்கு 25 எம்எம்முக்கும் 32 எம்எம்முக்கும் உள்ள விலை வித்தியாசம், சுவரை மறுபடி வெட்டும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் மாடி டிபிக்குப் போகும் மெயின் பைப்பை 32 எம்எம்மாகப் போட்டுவிடுவது நல்லது.

ஒரே பைப்புக்குள் நாலு லைன் போகலாமா?

இடம் இருக்கிறதே என்று ஏசி லைன், கீசர் லைன், பிளக் லைன் எல்லாவற்றையும் ஒரே பைப்பில் விடுவது உண்டு. இதில் இடத்தைவிட சூடுதான் பெரிய பிரச்னை. ஒன்றை ஒன்று சூடாக்கும்போது ஒவ்வொரு வயரும் தாங்கும் ஆம்பியர் குறைந்துவிடும். சர்வதேச ஐஇசி விதிப்படி குறைப்பு இப்படி:

• ஒரு சர்க்யூட் மட்டும்: 100 சதவீதம்
• இரண்டு சர்க்யூட்: 80 சதவீதம்
• மூன்று சர்க்யூட்: 70 சதவீதம்
• நான்கு சர்க்யூட்: 65 சதவீதம்
• ஆறு சர்க்யூட்: 57 சதவீதம்

தனியாகப் போனால் 20 ஆம்பியர் தாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், மூன்று சர்க்யூட் ஒரே பைப்பில் போனால் 14 ஆம்பியருக்குத்தான் சரி. ஆனால் போர்டில் 20 ஆம்பியர் எம்சிபிதான் இருக்கும். வயர் வெந்துகொண்டிருந்தாலும் எம்சிபி விழாது. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி பைப் விடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது படி: ஜங்ஷன் பாக்ஸ் கணக்கு

பாக்ஸுக்குள் எத்தனை வயருக்கு எவ்வளவு கன அளவு வேண்டும் என்பதற்கு அமெரிக்க மின் விதித்தொகுப்பில் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. அங்கே வயர் அளவை கேஜில் சொல்வார்கள், பாக்ஸை கன அங்குலத்தில் அளப்பார்கள். நம் வயர் அளவுகளுக்கு அடுத்து வரும் பெரிய கேஜை எடுத்து கன செ.மீ.க்கு மாற்றினால், ஒரு வயருக்குத் தேவையான இடம் இப்படி வரும்:

• 1.5 ஸ்கொயர் எம்எம்: 33 கன செ.மீ.
• 2.5 ஸ்கொயர் எம்எம்: 37 கன செ.மீ.
• 4 ஸ்கொயர் எம்எம்: 41 கன செ.மீ.
• 6 ஸ்கொயர் எம்எம்: 49 கன செ.மீ.
• 10 ஸ்கொயர் எம்எம்: 82 கன செ.மீ.

நம் ஊரில் வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 732 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, வேலை அதன்படிதான் நடக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கை இங்கே எடுத்துக்கொள்வது, நாம் வாங்கும் பாக்ஸ் போதுமா என்று நாமே சரிபார்க்க ஓர் அளவுகோலாக மட்டும்தான்.

எதை எண்ண வேண்டும், எதை விட வேண்டும்?

• வெளியில் இருந்து பாக்ஸுக்குள் வந்து ஜாயிண்ட் ஆகும் ஒவ்வொரு வயரும் ஒன்று.
• வெட்டாமல் நேராக உள்ளே வந்து வெளியே போகும் வயரும் ஒன்று.
• எர்த் வயர் நான்கு வரை எத்தனை இருந்தாலும், எல்லாம் சேர்த்து ஒன்று.
• பாக்ஸுக்குள்ளேயே ஆரம்பித்து உள்ளேயே முடியும் சின்னத் துண்டு வயரை எண்ண வேண்டாம்.

உதாரணம் பார்ப்போம். பெட்ரூம் பிளக் லைன், 2.5 ஸ்கொயர் எம்எம். கூரையில் ஒரு ரவுண்டு டீப் ஜங்ஷன் பாக்ஸ். உள் விட்டம் 65 மி.மீ., ஆழம் 60 மி.மீ. என்றால் அதன் கொள்ளளவு சுமார் 199 கன செ.மீ.

• இரண்டு பைப் சேர்ந்தால்: ஃபேஸ் இரண்டு, நியூட்ரல் இரண்டு, எர்த் எல்லாம் சேர்த்து ஒன்று. மொத்தம் 5 × 37 = 185. பாக்ஸ் போதும்.
• மூன்று பைப் சேர்ந்தால்: ஃபேஸ் மூன்று, நியூட்ரல் மூன்று, எர்த் ஒன்று. மொத்தம் 7 × 37 = 259. பாக்ஸ் போதாது.
• நான்கு பைப் சேர்ந்தால்: 9 × 37 = 333. கண்டிப்பாகப் போதாது.

கடையில் "ஃபோர் வே பாக்ஸ்" என்று நாலு பக்கமும் வாய் வைத்துத்தான் விற்கிறார்கள். நாலு வாய் இருப்பதாலேயே நாலு பைப் வயருக்கும் உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இரண்டு பைப்புக்கு மேல் சேரும் இடத்தில் 4 × 4 × 2 அங்குல சதுர பாக்ஸ் போட்டால் சுமார் 500 கன செ.மீ. கிடைக்கும். நான்கு பைப் வந்தாலும் இடம் மீதி இருக்கும்.

மாடிக்குப் போகும் மெயின் லைனில் பாக்ஸ் வைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். கீழ் போர்டில் இருந்து மாடி டிபி வரைக்கும் வயர் ஒரே துண்டாக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் போக வேண்டும். வீட்டிலேயே அதிக கரண்ட் ஓடும் லைன்களில் ஒன்று இது. அதில் ஒரு ஜாயிண்ட் போட்டால் அதுவே பலவீனமான இடமாகிவிடும்.

ஆனால் தூரமோ திருப்பமோ அதிகம் என்றால் வயர் இழுக்க நடுவில் ஒரு பாக்ஸ் தேவைப்படும். அது ஜாயிண்ட் போட இல்லை, இழுக்க மட்டும். தடித்த வயரைச் சின்ன பாக்ஸில் மடக்கினால் மடங்கிய இடத்தில் உறை நசுங்கும். இதற்கும் அமெரிக்க விதியில் ஒரு கணக்கு உண்டு:

• நேராகப் போகும் இடத்தில்: பாக்ஸின் நீளம், பைப் அளவைப் போல் 8 மடங்கு.
• திரும்பும் இடத்தில்: பைப் நுழையும் சுவரில் இருந்து எதிர்ச் சுவர் வரை 6 மடங்கு. அதே சுவரில், அதே வரிசையில் வேறு பைப்பும் நுழைந்தால் அதன் அளவையும் கூட்ட வேண்டும்.

இந்த விதி சுமார் 21 சதுர மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட தடித்த வயருக்குத்தான் கட்டாயம். நம் 10 ஸ்கொயர் எம்எம்முக்கு இடத்தைக் கணக்கிட்டால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 246 கன செ.மீ. வந்தால் போதும். ஆனாலும் பின்னால் த்ரீ ஃபேஸ் இழுக்கும் வாய்ப்பு இருந்தால் மூலையில் பெரிய பாக்ஸ் வைப்பது வசதி. 32 எம்எம் பைப் திரும்பும் இடத்தில் 6 × 32 = 192 மி.மீ., அதாவது 8 அங்குல சதுர பாக்ஸ். இவ்வளவு பெரிய பாக்ஸ் ஹால் சுவரில் பார்க்க நன்றாக இருக்காது என்றால், எல்போ போடாமல் நீளமான பெண்ட் போட்டு, பாக்ஸ் இல்லாமலே கொண்டுபோகலாம்.

நான்காவது படி: பழைய போர்டை மாற்றும்போது டிரங்கிங்

இது பழைய வீடுகளில் வரும் சிக்கல். மரப்பலகையில் பியூஸ் கட்டையோடு இருந்த பழைய போர்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் புது டிபி வைக்கிறோம். சுவரில் இருந்து வரும் பழைய வயர்கள் புது இடத்துக்கு எட்டாது. என்ன செய்கிறார்கள்? ஒவ்வொன்றையும் முறுக்கி, டேப் சுற்றி, டிபிக்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். எம்சிபிக்குப் பின்னால் இருபது ஜாயிண்ட் ஒளிந்திருக்கும்.

சரியான வழி, டிபிக்கு மேலே திறந்து மூடக்கூடிய மூடியோடு ஒரு டிரங்கிங் தொட்டி வைப்பது. பழைய வயர் எல்லாம் அதில் வந்து சேரும். அங்கேயே கனெக்டர் போட்டு, புது வயரை டிபிக்குள் கொண்டுபோக வேண்டும்.

அளவு எப்படி? 2.5 ஸ்கொயர் எம்எம் லைன் ஆறு, 4 ஸ்கொயர் எம்எம் லைன் மூன்று, அதோடு 10 ஸ்கொயர் எம்எம் மெயின் லைனும் அதன் வழியாக வருகிறது என்று வைப்போம்.

• 18 வயர் × 10.2 = 183.6 சதுர மி.மீ.
• 9 வயர் × 13.9 = 125.1 சதுர மி.மீ.
• 3 வயர் × 30.2 = 90.6 சதுர மி.மீ.

மொத்தம் சுமார் 399 சதுர மி.மீ. அமெரிக்க விதிப்படி இப்படிப்பட்ட தொட்டியில் வயர் 20 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது. பிரிட்டன் நடைமுறையில் 45 சதவீதம் வரை விடுகிறார்கள். நம் ஊர் வெயிலையும் உள்ளே ஜாயிண்ட் வரப்போவதையும் யோசித்தால் 20 சதவீதத்தை வைத்துக்கொள்வதே நல்லது.

• 25 × 16 கேசிங்: மொத்த இடமே 400 சதுர மி.மீ.தான். நூறு சதவீதம் நிரம்பிவிடும்.
• 40 × 40 டிரங்கிங்: 25 சதவீதம். இதுவும் கொஞ்சம் இறுக்கம்தான்.
• 50 × 50 டிரங்கிங்: 16 சதவீதம். இதுதான் சரி.

ஜாயிண்ட் வரும் இடத்தில் வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்து எந்த இடத்திலும் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் எல்லா ஜாயிண்ட்டையும் ஒரே இடத்தில் குவிக்காமல் தொட்டி நீளத்துக்கும் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். இரும்புத் தொட்டி என்றால் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். ஒரு லைனின் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாகவே ஒரே வழியில் போக வேண்டும். பிரிந்து வேறு வேறு இரும்பு பைப்பில் போனால் பைப்பே சூடாகும்.

முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது. டேப்பின் பசை சூட்டில் உருகி, சில வருஷத்தில் தானாகக் கழன்றுவிடும். ஸ்க்ரூ கனெக்டர், லிவர் கனெக்டர் அல்லது சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப் போடுங்கள். அவையும் இடம் பிடிக்கும் என்பதால்தான் பெரிய பாக்ஸ் கேட்கிறோம்.

பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதைப் புது காப்பர் வயரோடு நேரடியாக முறுக்கக் கூடாது. இரண்டு உலோகமும் தொடும் இடம் அரித்து, தடை கூடி, சூடேறும். அலுமினியத்துக்கும் செம்புக்கும் என்றே செய்த கனெக்டர் போட வேண்டும். முடிந்தால் அந்த லைனையே மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

ஐந்தாவது படி: டிபி எத்தனை வே?

ஒரு சிங்கிள் போல் எம்சிபி சுமார் 18 மி.மீ. அகலம். இதை ஒரு மாட்யூல் என்பார்கள். நம் மாடி வீட்டுக்கு:

• மெயின் ஐசொலேட்டர்: 2 மாட்யூல்
• 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி: 2 மாட்யூல்
• ஏசி இரண்டு, கீசர், வாஷிங் மெஷின், சமையலறை, பிளக், லைட் இரண்டு: 8 மாட்யூல்

மொத்தம் 12. நாளைக்குத் தேவைப்படும் என்று நாலில் ஒரு பங்கு, அதாவது 3 சேர்த்தால் 15. ஆக, 16 மாட்யூல் கொண்ட டிபி வேண்டும். கடையில் "எட்டு வே" என்று சொன்னால் சில டிபியில் மெயினுக்கு இரண்டு சேர்த்துப் பத்து இருக்கும், சிலதில் எல்லாம் சேர்த்தே எட்டுதான். அதனால் "மொத்தம் எத்தனை மாட்யூல்?" என்று கேட்டு வாங்குங்கள்.

மாடி டிபியில் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் அங்கே இணைக்கக் கூடாது. இணைத்தால் எர்த் வயரிலும், அதோடு சேர்ந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலும் கரண்ட் திரும்பி வரும் வழி உண்டாகும். ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். "அடிக்கடி விழுது, தொல்லையா இருக்கு" என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

பாக்ஸைப் பூசி மறைக்கலாமா?

கூடாது. ஜாயிண்ட் இருக்கும் எந்த பாக்ஸும் சுவரை உடைக்காமல் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அழகுக்காகப் பூச்சு பூசி, அதன் மேல் பட்டி, பெயிண்ட் அடித்துவிட்டால், பிரச்னை வரும் நாளில் பாக்ஸ் எங்கே என்றே தெரியாது. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாக்ஸ் இருக்கும் இடத்தில் திறக்கும் கதவு விடச் சொல்லுங்கள்.

பயன்படுத்தாத வாய்களை மூடிவிடுங்கள். திறந்திருந்தால் பல்லி, எறும்பு உள்ளே போய் ஷார்ட் ஆகும். மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ வைக்கும் பாக்ஸ் மழைத்தண்ணீர் புகாத வகையாக இருக்க வேண்டும். பைப்பைக் கீழ்ப்பக்கமாக நுழைக்க வேண்டும். மேல்பக்கமாக நுழைத்தால் பைப் வழியாகவே தண்ணீர் இறங்கி வரும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தளத்துக்கு கான்கிரீட் போடும் முன், சுவரை வெட்டும் முன், இவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்:

• மாடி டிபிக்கு மொத்த லோடு எவ்வளவு, கீழே எத்தனை ஆம்பியர் எம்சிபி?
• மெயின் வயர் என்ன அளவு, எர்த் வயர் என்ன அளவு?
• மெயின் பைப் 32 எம்எம்மா? பின்னால் த்ரீ ஃபேஸ் இழுக்க முடியுமா?
• மூன்று, நான்கு பைப் சேரும் இடங்கள் எவை? அங்கே என்ன அளவு பாக்ஸ்?
• ஏசிக்கும் கீசருக்கும் தனிப் பைப்பா?
• ஜாயிண்ட் எங்கெல்லாம் வருகிறது, எதைக் கொண்டு போடப் போகிறீர்கள்?
• எல்லா பாக்ஸும் பின்னால் திறக்க முடியுமா?

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், கம்பி மேல் பைப்பும் பாக்ஸும் வைத்த பிறகு, உங்கள் மொபைலில் ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவு டேப்பை சுவரில் இருந்து விரித்து வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. பத்து வருஷம் கழித்து ஆணி அடிக்கும்போதும், லைன் தேடும்போதும் அந்த போட்டோதான் கைகொடுக்கும்.

நாமே செய்யலாமா?

கணக்கு நாம் போடலாம். வேலையை லைசென்ஸ் உள்ள ஆள்தான் செய்ய வேண்டும். இங்கே சொன்ன வயர் தடிமன், பைப் உள் அளவு எல்லாம் தோராயமானவை. வாங்கும் கம்பெனியின் பட்டியலில் சரியான அளவு இருக்கும், அதை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு சுவிட்ச் போர்டு தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகிய வாசனை வருகிறது, கீசர் போட்டால் லைட் மங்கி மினுக்குகிறது என்றால் மூடியை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உள்ளே ஒரு சின்ன பாக்ஸில் ஒரு ஜாயிண்ட் வெந்துகொண்டிருக்கலாம்.